பெருந்தொற்றுக் காலத்தில் பல்கலைக்கழக வளாகம்: மெஸ்ஸில் தொடங்க வேண்டிய முழு வழிகாட்டி

2020 டிசம்பர் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மெல்லத் திறக்கத் தொடங்கின. அந்த மாத நடுவிலேயே சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா உறுதியானது. அப்போது எல்லா மாணவர்களும் விடுதிக்குத் திரும்பியிருக்கவில்லை. மாஸ்க், சானிடைசர், வெப்பமானி எல்லாம் இருந்தன. பிறகு எங்கே பிடித்தது? அன்றைய செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்ட காரணம் ஒன்றுதான்: இருந்த விடுதிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு மெஸ் இயங்கியது. எல்லோரும் கூடியதும் அங்கே, மாஸ்க்கைக் கழற்றியதும் அங்கே.

அந்தச் சமயத்தில் நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் விடுதியில் துணை வார்டனாக இருந்தேன். எங்களுக்கு வந்த சுற்றறிக்கைகளில் பாதிக்கு மேல் கேட்டையும் வகுப்பறையையும் பற்றியவை. கேட்டில் யார் நிற்க வேண்டும், பெஞ்சுக்கு எத்தனை பேர், எந்த இடத்தில் வட்டம் வரைய வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். மெஸ்ஸைப் பற்றி இரண்டு வரி. காய்ச்சலை மறைக்கும் பையனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பட்ட அனுபவத்தில் வளாகத்தைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் இந்த இரண்டு விஷயங்கள்தான். அதனால் இந்த வழிகாட்டியும் அவற்றில்தான் அதிகம் நிற்கும். வார்டன், முதல்வர், துறைத்தலைவர், மாணவர் பிரதிநிதி என யார் படித்தாலும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

1. பரவும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

அடுத்த பெருந்தொற்று கொரோனாவைப் போலவே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தண்ணீரில் பரவும் நோய்க்கு மாஸ்க் உதவாது. தொட்டால் பரவும் நோய்க்கு ஜன்னலைத் திறந்து பயனில்லை. எனவே பொருள் வாங்கக் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே, "இது காற்றிலா, தொடுதலிலா, தண்ணீரிலா, கொசுவிலா?" என்று மாவட்டச் சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். பதில் மாறினால் நம் விதிகளும் மாற வேண்டும்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாததால் 2020-ல் நாம் நிறைய உழைப்பை வீணாக்கினோம். அந்த ஆண்டு மார்ச்சில் உலக சுகாதார அமைப்பே கொரோனா காற்றில் பரவும் நோய் இல்லை என்று அறிவித்திருந்தது. நாமும் கைப்பிடிச் சுவரையும் கதவுத் தாழ்ப்பாளையும் விடாமல் துடைத்தோம், ஜன்னலைச் சாத்தியே வைத்தோம். ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்ததும் ஊர் ஊராக அதைப் பார்த்து வைத்தார்கள். ஆட்கள் மேல் மருந்து தெளிக்காதீர்கள், அதனால் பயனில்லை, உடம்புக்கும் கெடுதல் என்று அதே மாதம் 18-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் சொல்ல வேண்டியிருந்தது. யாராவது அப்படி ஒரு சுரங்கத்தை உங்கள் கேட்டில் வைத்துத் தர முன்வந்தால், அந்தப் பணத்துக்கு மெஸ்ஸில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டித் தரச் சொல்லுங்கள்.

இனி வருவது காற்றில் பரவும் சுவாச நோய்க்கான வழிமுறை. வளாகங்களை வேகமாக வீழ்த்துவது அந்த வகைதான்.

2. சின்னக் குழு, ஒரு போன் எண்

இருபது பேர் கமிட்டி வேண்டாம், கூட்டம் போடுவதற்குள் தொற்று ஒரு மாடியைச் சுற்றி வந்துவிடும். முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர், ஒரு வார்டன், வளாக மருத்துவர் அல்லது செவிலியர், மெஸ் மேற்பார்வையாளர், மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் போதும். மெஸ் மேற்பார்வையாளரைக் கட்டாயம் சேருங்கள். ஒரு நாளில் எல்லா மாணவர்களையும் மூன்று வேளை பார்க்கிற ஆள் வளாகத்தில் அவர் ஒருவர்தான். யார் சாப்பிட வரவில்லை, யார் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்து போனான் என்பது வார்டனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

இரவு பகலாக எடுக்கப்படும் ஒரே ஒரு போன் எண் இருக்கட்டும். அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, எந்த மருத்துவமனையில் சேர்ப்பது, ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக உள்ளே வரும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் பின்பக்க கேட்டுக்குச் சாவி தேடிக்கொண்டு நிற்கும்படி ஆகக் கூடாது.

3. திறப்பதற்கு முந்தைய பத்து நாள்

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் வைரஸைவிட வேறு ஆபத்துகள் அதிகம். மேல்நிலைத் தொட்டிகளைக் கழுவிக் குளோரின் போட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்து, தேங்கிய தண்ணீர் போகும்வரை ஓடவிடுங்கள். குழாயில் நின்றுபோன தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா வளரும். குளவிக்கூடு, பாம்பு, எலி கடித்த ஒயர் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

ஆய்வகங்களை அந்தந்தத் துறையில் விஷயம் தெரிந்தவர்கள்தான் முதலில் திறக்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை ஸ்டைரீன் வாயு கசிந்தது, ஊரடங்கில் மூடியிருந்த ஆலையை மறுபடி இயக்கத் தயாரான நேரத்தில்தான். கல்லூரி ஆய்வகத்தில் அவ்வளவு இருக்காது, ஆனால் நாள்பட்டு வெடிக்கக்கூடிய நிலைக்கு வந்த ஈதர் பாட்டிலும் கசியும் காஸ் இணைப்பும் இருக்கலாம். அப்புறம், கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு பன்சன் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். வேதியியல் ஆய்வகத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும்.

மாணவர்களை ஒரே நாளில் வரச் சொல்லாதீர்கள். ஆண்டுவாரியாகச் சில நாள் இடைவெளி விடுங்கள். வரும் அன்றைக்கே பரிசோதனை எடுத்து நெகட்டிவ் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடவும் கூடாது. தொற்று உள்ளே போய் அறிகுறி காட்ட ஆரம்பகாலக் கொரோனாவில் சராசரியாக 5 நாள் ஆனது, சிலருக்கு 14 நாள்வரைகூட ஆனது. நேற்று பஸ்ஸில் பிடித்தது இன்றைய சோதனையில் தெரியாது. சில நாள் கழித்து இரண்டாவது முறை எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

4. மெஸ்

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். எங்கள் விடுதியில் இருநூற்றுச் சொச்சம் பையன்கள். மெஸ்ஸில் பெஞ்சு போட்டால் எண்பது பேர் உட்காரலாம். மாடிவாரியாக நான்கு பந்தி பிரித்தோம். தரைத்தளம் ஒரு பந்தி, முதல் மாடி ஒரு பந்தி என்று. இப்படிப் பிரித்தால் கூட்டம் குறைகிறது என்பது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை, தொற்று வந்தால் அது ஒரு மாடியோடு நிற்கும். ஒன்றாகத் தூங்குபவர்கள், ஒன்றாகக் குளிக்கப் போகிறவர்கள், ஒன்றாகச் சாப்பிடுபவர்கள் மூன்றும் ஒரே குழுவாக இருந்துவிட்டால், யாரோடு யார் பழகினார்கள் என்று தேடுவதும் எளிது.

பந்திக்கு 25 நிமிடம், நடுவில் 10 நிமிடம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுவது. எதிரெதிரே உட்காராமல் எல்லோரும் ஒரே திசை பார்த்து உட்கார வேண்டும். தட்டும் டம்ளரும் அவரவருடையது. பரிமாறுபவர் மட்டுமே கரண்டியைத் தொடுவார். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியிலோ வராண்டாவிலோ போய்ச் சாப்பிட விரும்புகிறவர்களைத் தாராளமாக விடுங்கள். முன்பெல்லாம் தட்டை வெளியே கொண்டுபோனால் அபராதம் போட்டோம். அந்த விதியை முதலில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் முதல் வாரம் வரிசை உடைந்துகொண்டே இருந்தது. ஏனென்று புரிய ஒரு நாள் காலை மெஸ் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குத் தோசை. கல்லில் ஒரு நேரத்துக்கு ஆறு தோசைதான் வேகும். முதல் தோசையை வாங்கியவன் இரண்டாவதுக்காக அங்கேயே நிற்கிறான். அவன் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு அடுத்தவன். மாஸ்க் இருவருக்கும் தாடையில். பத்து நிமிடத்தில் கல்லைச் சுற்றி இருபது பேர், சூட்டிலும் புகையிலும் முகத்தோடு முகம் பேசிக்கொண்டு. இட்லி, பொங்கல், கிச்சடி போட்ட நாட்களில் இந்தக் கூட்டமே இல்லை, ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மறுநாளே தோசைக்கும் பூரிக்கும் விடை கொடுத்தோம். பையன்கள் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை, வரிசை ஒழுங்காகிவிட்டது. மெனுவைத் தொற்றுத்தடுப்பு நடவடிக்கையாகப் பாருங்கள். சுடச்சுட ஒவ்வொன்றாகப் போட்டுத் தரும் எதுவும் கூட்டம் சேர்க்கும்.

இன்னொரு இடம் கை கழுவும் தொட்டி. சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே போய், வாய் கொப்பளித்து, காறித் துப்பி, சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். மெஸ்ஸிலேயே மோசமான இடம் அதுதான். நாங்கள் வெளியே சுவரோரம் பைப் இழுத்து, ஒன்றுக்கொன்று நான்கடி தள்ளி எட்டுக் குழாய் போட்டோம். பிளம்பருக்கு ஒன்றரை நாள் வேலை.

மெஸ் பணியாளர்களை மறந்துவிட்டால் இதெல்லாம் வீண். சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், தூய்மைப் பணியாளர்கள், செக்யூரிட்டி ஆகியோரில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. பலர் ஒரே ஷெட்டில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். தலைவலியோடும் இருமலோடும் அவர்கள் வேலைக்கு வருவதைத் தவறு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? காய்ச்சல் வந்தால் முழுக் கூலியோடு விடுப்பு என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள், அந்தத் தொகையைக் கல்லூரி ஏற்கட்டும். நல்ல மாஸ்க் முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். வளாகத்திலேயே அதிகம் பேரோடு பழகுவது அவர்கள்தான்.

5. காற்று

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில் மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்டன. ஒருவருக்குத் தொற்று இருந்தது. ஏசிக் காற்று அந்த மூன்று மேசைகளையும் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று குடும்பத்திலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் வந்தது. நம் கருத்தரங்கக் கூடங்களில் இருக்கும் ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான்: அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மின்விசிறியும் கலக்கிவிடும், அவ்வளவுதான்.

ஆகவே எதிரெதிர்ச் சுவரில் உள்ள ஜன்னல்களைத் திறங்கள். ஒரு பக்கம்தான் ஜன்னல் என்றால் அதில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள், அறைக்குள் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கதவு வழியாகப் புதுக்காற்று வரும். சாத்தியே ஆக வேண்டிய அறைகளுக்கு மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கலாம். ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று ஐந்து முறையாவது மாற வேண்டும் என்பது கணக்கு.

காற்று மாறுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. கையடக்கக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் குறை தீரும். நாம் வெளிவிடும் மூச்சில் இருக்கும் வாயு அது, அறையில் சேர்ந்துகொண்டே போனால் காற்று மாறவில்லை என்று பொருள். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். ஆட்கள் நிறைந்த அறையில் 800-க்குள் இருந்தால் நல்லது. அதை நான் ஒரு முறை வகுப்பு நடக்கும்போது மேசைமேல் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. பின்வரிசையில் இரண்டு ஜன்னலைத் திறந்ததும் பையன்கள் கண்முன்னாலேயே இறங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஜன்னலைத் திற என்று நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எல்லா ஜன்னலும் சாத்திக்கொள்ளும். காரணம் கொசு. கொசுவலை அடிக்காமல் ஜன்னலைத் திறக்கச் சொல்வது நடக்காத காரியம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை டெங்குக் காலம் வேறு. கொரோனாவுக்கென்று ஜன்னலைத் திறந்துவைத்து டெங்குவை வரவழைத்துவிடக் கூடாது. வலைக்கான செலவை முதல் பட்டியலிலேயே சேருங்கள்.

6. அறை, குளியலறை, டிவி ஹால்

ஒரே அறையில் தூங்குபவர்களை ஒரு குடும்பமாகவே கருதுங்கள். அறைக்குள் மாஸ்க் போட்டுத் தூங்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் கட்டில்களைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போடுங்கள். வேறு அறைக்காரர்கள் உள்ளே வந்து உட்காரக் கூடாது, வராண்டாவில் பேசிக்கொள்ளலாம் என்ற ஒரே விதியை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்.

குளியலறையில் காலை ஏழிலிருந்து எட்டுவரை நெரிசல். வகுப்பு நேரத்தை மாடிக்கு மாடி அரைமணி தள்ளினால் அந்த நெரிசலே பாதியாகும். டிவி ஹாலை மூடினால் கிரிக்கெட் இரவில் ஓர் அறையில் பதினைந்து பேர் லேப்டாப் முன்னால் ஒண்டிக்கொள்வார்கள். அது இன்னும் மோசம். மொட்டை மாடியிலோ மைதானத்திலோ திரை கட்டிக் காட்டுங்கள். தடை போடும் ஒவ்வொரு முறையும் "இவர்கள் அப்போது எங்கே போவார்கள்?" என்று யோசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்ட் 10 அன்று வகுப்புகளைத் தொடங்கி, ஒரே வாரத்தில், 17-ம் தேதி, இளநிலை வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. தொற்று கூட்டம் கூட்டமாகத் தெரியவந்தது விடுதிகளிலும் மாணவர் குடியிருப்புகளிலும்தான்.

7. காய்ச்சலைச் சொல்பவருக்கு நஷ்டம் வரக் கூடாது

எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு பையன். தினமும் காலை மெஸ் வாசலில் வெப்பமானி காட்டுவோம், அவனுக்கு எப்போதும் சரியாகவே இருக்கும். ஒரு வியாழக்கிழமை அவனுடைய ரூம்மேட் இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். அறைக்குப் போய்ப் பார்த்தேன். இவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையணைக்கு அடியில் பாராசிட்டமால் அட்டை, பதினைந்தில் நான்குதான் மிச்சம். காலையில் எழுந்ததும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானி முன்னால் வந்து நின்றிருக்கிறான், நான்கு நாளாக.

"ஏன்டா தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"திங்கட்கிழமை பிராக்டிகல் சார். மூணாவது மாடி அண்ணனுக்குக் காய்ச்சல்னு சொன்னதும் நைட்டோட நைட்டா வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. அவருக்கு இன்டர்னல் மார்க்கும் போச்சு, அட்டெண்டன்ஸும் போச்சு."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய கணக்கு சரியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் நஷ்டம், மறைத்தால் லாபம் என்று ஆக்கிவைத்தது நாங்கள்தான்.

அன்று மாலையே முதல்வரிடம் உட்கார்ந்து விதியை மாற்றினோம். உங்கள் வளாகத்திலும் திறப்பதற்கு முன்பே இதை எழுதி, முதல்வர் கையெழுத்தோடு ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுங்கள். காய்ச்சல் என்று சொன்ன நிமிடத்திலிருந்து வருகைப்பதிவு முழுமையாகக் கணக்கில் வரும், 75 சதவீதக் கணக்கில் கை வைக்க மாட்டோம். தவறிய தேர்வும் செய்முறையும் குறிப்பிட்ட தேதிக்குள் மறுபடி நடத்தப்படும், அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேட வேண்டியதில்லை. யாரும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட மாட்டார்கள். எங்கே போய் ஒட்டிக்கொண்டு வந்தாய் என்ற விசாரணை இருக்காது. பெயர் வெளியே போகாது.

கடைசி வரியை நிர்வாகம்தான் அதிகம் மீறுகிறது. பாசிட்டிவ் வந்தவர்களின் பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறை எண்ணோடு வந்துவிட்டால், அடுத்த நாளிலிருந்து ஒருவரும் பரிசோதனைக்கு வர மாட்டார்கள். மாணவிகள் விடுதியில் இதன் வலி இன்னும் கூடுதல், வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அங்கே இருக்கிறது. பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும், அதுவும் காகிதத்தில்.

வெப்பமானியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது காய்ச்சல் இருப்பவரில் சிலரைப் பிடிக்கும், அறிகுறியே இல்லாமல் பரப்புபவரைப் பிடிக்காது. அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள் என்கிறேன்.

8. தனி அறைகள்

தனியாகக் கழிவறை உள்ள, காற்றோட்டமான, ஆட்கள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும். விருந்தினர் விடுதி பொருத்தமானது. பழைய ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்து பூட்டிவைத்தால் அது சிறைதான், அங்கே போகப் பயந்தே மறைப்பார்கள். வைஃபை, சார்ஜர், சுடுதண்ணீர், ஜன்னலுக்குக் கொசுவலை, நாளுக்கு இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்துப் பேசும் ஓர் ஆள் ஆகிய அத்தனையும் வேண்டும். எங்களில் ஒருவர் தினமும் இரவு ஒன்பதுக்கு ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தூங்கப் போவார். மனம் கனத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும், தேசிய அளவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கின்றன. இரண்டையும் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்.

சோதனை வருவதற்குக் காத்திருப்பவர்களையும் உறுதியானவர்களையும் ஒரே அறையில் போட்டுவிடாதீர்கள். இந்தத் தவறு நிறைய இடங்களில் நடந்தது.

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் நோட்டில் எழுத வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டும் விரலில் நகப்பூச்சும் மருதாணியும் இருந்தால் எண் தப்பாக வரலாம். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினால் எழ மறுத்தாலோ உடனே 108. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் வேறு வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது, டெங்குவுக்கும் சேர்த்தே ரத்தம் எடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளை வாட்ஸ்அப் சீட்டைப் பார்த்து விழுங்கியவர்களை 2021-ல் பார்த்தோம். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு உயிர்காக்கும் மருந்து அது, மற்றவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுத்தால் கெடுதல்தான் அதிகம். கபசுரக் குடிநீர் கொடுப்பதென்றால் அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள், அதற்கென்று வரிசையில் நிற்கவைத்துக் கூட்டம் சேர்க்க வேண்டாம்.

9. பரிசோதனையும் தேடலும்

விரைவுப் பரிசோதனையில் ஒரு முறை நெகட்டிவ் வந்தால் போதாது. அறிகுறி இருப்பவருக்கு 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள், அல்லது ஆர்டி-பிசிஆர் எடுங்கள். ஒருவருக்கு உறுதியானால், அறிகுறி தொடங்கியதற்கு இரண்டு நாள் முன்பிருந்து யாரோடெல்லாம் அறைக்குள் இருந்தார் என்று கேட்க வேண்டும். இதை ஆசிரியர் கேட்பதைவிட சீனியர் மாணவர் ஒருவர் கேட்டால் உண்மை வரும். தீப்பெட்டிக்காக யாரிடம் போனேன் என்பதை வார்டனிடம் எந்தப் பையனும் சொல்ல மாட்டான்.

ஆட்களைச் சோதிப்பதோடு கழிவுநீரையும் சோதிக்கலாம். 2020 ஆகஸ்டில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதியின் கழிவுநீரில் வைரஸ் தெரிந்தது. அங்கிருந்த 311 பேரையும் சோதித்தார்கள். அறிகுறியே இல்லாத இரண்டு பேர் கிடைத்தார்கள். நுண்ணுயிரியல் துறையும் பிசிஆர் கருவியும் உள்ள நம் பல்கலைக்கழகங்களுக்கு இது எட்டாத காரியமே இல்லை. விடுதிக்கு ஒரு மேன்ஹோல், வாரம் இரண்டு மாதிரி எடுத்தால் போதும்.

தடுப்பூசி வந்ததும் வளாகத்திலேயே முகாம் கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: முதலாண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். கொரோனாவின்போது 18 நிரம்பியவர்களுக்கு 2021 மே மாதத்திலும், 15 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 2022 ஜனவரியிலும்தான் ஊசி தொடங்கியது. ஊசி போடாதவர் உள்ளே வரக் கூடாது என்ற உத்தரவு போட்டால் ஒரு வகுப்பே வாசலில் நிற்கும்.

10. பஸ், தேர்வு, விழா

கல்லூரி பஸ்ஸில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தினமும் அதே இருக்கை, நடத்துநரிடம் பெயர்ப் பட்டியல். தேர்வுக்கூடத்தில் பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லை, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். கூட்டம் சேர்வது இருக்கை எண் ஒட்டிய பலகைக்கு முன்னால். எண்ணை முந்தைய நாளே போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

பாட்டு, கோஷம், ஆட்டம் உள்ள நிகழ்ச்சிகளைக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்காகிட் என்ற இடத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் சேர்ந்திசைப் பயிற்சி செய்தார்கள். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். பாடும்போது வெளிவரும் துளிகள் பேசும்போது வருவதைவிட அதிகம். கல்ச்சுரல்ஸை ரத்து செய்ய மனமில்லை என்றால் மைதானத்தில் வையுங்கள், ஒத்திகையும் மைதானத்தில்தான். ஒத்திகையை மறந்துவிடுகிறோம், தினமும் இரண்டு மணி நேரம் மூடிய அறையில் நடப்பது அதுதான்.

11. மூட வேண்டிவந்தால்

2020 மார்ச் 16 அன்று கல்லூரிகளை மூடும் அறிவிப்பு வந்தபோது, அன்றிரவே விடுதியைக் காலிசெய்யச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் எங்கள் பையன்கள் டிரங்குப் பெட்டியும் வாளியுமாக நின்ற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்தப் பஸ்ஸிலும் இடமில்லை, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார்கள். அந்த விடுதியில் ஒரே ஒருவருக்குத் தொற்று இருந்திருந்தாலும் ஒரே இரவில் பத்து மாவட்டங்களுக்குப் போயிருக்கும். வீட்டில் தாத்தா பாட்டி இருப்பார்கள்.

எனவே மூடும் திட்டத்தையும் திறக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். தொற்றாளரோடு பழகியவர்கள் அவர்களுக்குச் சொன்ன நாட்கள் முடியும்வரை வளாகத்திலேயே இருப்பார்கள், அவர்களுக்கு மெஸ் ஓடும். மற்றவர்கள் மாவட்டவாரியாக, கல்லூரி பஸ்ஸிலேயே, மூன்று நாளில் போவார்கள். போக முடியாதவர்கள் இருப்பார்கள்: வெளிநாட்டு மாணவர்கள், வடகிழக்கு மாநில மாணவர்கள், வீடு என்று ஒன்று இல்லாதவர்கள். அவர்களை வெளியேற்றக் கூடாது. சான்றிதழ், லேப்டாப், மருந்துச் சீட்டு மூன்றையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். 2020 ஜூனில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைச் சிகிச்சை மையமாக்க மாநகராட்சி கேட்டபோது, உள்ளே கிடந்த மாணவர்களின் பொருட்களை என்ன செய்வது என்பதே பெரிய பிரச்சினையாக எழுந்தது.

மறுபடி திறக்கும்போது குணமானவர்கள் வகுப்புக்கு வருவார்கள். இருமல் இன்னும் சில வாரம் இருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அவர்களை என்சிசி பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் உடனே அனுப்பாதீர்கள், மருத்துவர் சரி என்று சொல்லட்டும். எங்கள் இரண்டாம் மாடிப் பையன் பதினான்காம் நாள் காலை மெஸ்ஸுக்கு வந்தான். பிராக்டிகல் அந்த வெள்ளிக்கிழமை அவனுக்காக மட்டும் நடந்தது. ஆய்வக உதவியாளர் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்.